கைத்தொழிலுக்கு ஏற்ற கண்ணாடிச் சாடி

கிராமத்தில் ஒரு கைத்தொழில் தொடங்கப்பெறும்பொழுது மூலப்பொருளைப் பற்றிப் பலரும் யோசிக்கின்றனர். எந்த மரத்து மாங்காய் ஊறுகாய்க்கு உகந்தது, எந்தப் பருவத்துத் தேன் கெட்டியானது என்று ஆராய்கின்றனர். ஆனால் அப்பொருளை இட்டு வைக்கும் கலத்தைப் பற்றி யோசிப்போர் சிலரே. சாடியைப் பொறுத்த மட்டில், “மலிவாய்க் கிடைத்தால் போதும்” என்றோ, “கனமாக இருந்தால் உடையாது” என்றோ, “பார்வைக்கு அழகாயிருந்தால் விற்கும்” என்றோ எண்ணிவிடுகிறோம். இம்மூன்று எண்ணங்களும் நஷ்டத்திற்கு வழிகாட்டுவன. சில சமயம் உயிருக்கே ஆபத்தை விளைவிப்பனவும் ஆகும்.

சாடியைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே விதிதான் உண்டு. சாடி செய்ய வேண்டிய வேலை யாது என்பதை முதலில் அறிந்து, அவ்வேலைக்குத் தக்க சாடியை வாங்க வேண்டும். அது சூட்டைத் தாங்க வேண்டுமா? உப்பும் புளிப்பும் அதில் தங்குமா? காற்றுப் புகாமல் மூடப்பட வேண்டுமா? இதற்கு முன் அதில் என்ன இருந்தது? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே விலையையும் அழகையும் பற்றிப் பேசுதல் பொருந்தும்.

கண்ணாடியின் இயல்பு

நாம் சாதாரணமாக வாங்கும் சாடிகள் மணல், சோடாச் சாம்பல், சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றையும் உருக்கிச் செய்யப்படுவன. இவற்றில் நூற்றுக்குச் சுமார் 70 பங்கு மணலின் சத்தே. இக்கண்ணாடி ஊறுகாயின் புளிப்பினால் அரிக்கப்படுவதில்லை, மணத்தை உறிஞ்சுவதுமில்லை. உடைந்தாலும் மீண்டும் மீண்டும் உருக்கிப் புதுக் கண்ணாடியாக்கலாம்.

இதன் குறை, திடீர்ச் சூட்டையும் திடீர்க் குளிர்ச்சியையும் தாங்காமையே. கண்ணாடியில் வெப்பம் மெதுவாகவே பரவும். குளிர்ந்த சாடியில் கொதிக்கும் பொருளை ஊற்றினால், உட்புறம் உடனே விரிவடைகிறது, வெளிப்புறம் விரிவடைவதில்லை. ஆகவே வெளிப்புறம் இழுக்கப்படுகிறது. கண்ணாடி நசுக்குதலை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் ஒன்று இருந்தாலும் அங்கிருந்தே விரிசல் ஓடும். சூடான சாடியை ஈரக்கல்லின் மேல் வைத்தால் உடைவதும் இக்காரணத்தினாலேயே.

கனமான சாடி உறுதியானது என்னும் நம்பிக்கை இவ்விடத்தில் தவறாகிறது. கீழே விழுந்தால் கனமான சாடி சிறிது தாங்கக்கூடும். ஆனால் சூட்டைப் பொறுத்தவரை, கண்ணாடி தடித்திருக்குமளவு உட்புறத்திற்கும் வெளிப்புறத்திற்குமுள்ள வெப்ப வேற்றுமையும் அதிகமாகும். அடி மிகத் தடித்தும் பக்கங்கள் மெலிந்தும் உள்ள சாடியே முதலில் வெடிக்கும். எங்கும் ஒரே சீராகக் கனமுள்ள சாடிதான் நல்ல சாடி.

சாதாரணச் சாடிகள் சுமார் 40 டிகிரி சென்டிகிரேடு வரை திடீர் வேற்றுமையைத் தாங்குமாறு செய்யப்படுகின்றன. அதற்கு மேல் நம்புதல் கூடாது. போரோசிலிகேட் என்னும் வேறொரு வகைக் கண்ணாடி உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனி நாட்டில் ஆட்டோ ஷாட் என்னும் விஞ்ஞானி இதனை உருவாக்கினார். சூட்டினால் இது விரிவடையும் அளவு சாதாரணக் கண்ணாடியின் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. ஆய்வுக்கூடப் பாத்திரங்கள் இதனாலேயே செய்யப்படுகின்றன. விலை அதிகமாதலின், நம் கைத்தொழில்களுக்கு இது பெரும்பாலும் வேண்டுவதில்லை. சாதாரணச் சாடியைப் பக்குவமாகக் கையாண்டாலே போதுமானது.

தேனுக்குரிய சாடி

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கே 1920-களில் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தார் நிறுவிய கிராமப் புனருத்தாரண நிலையம் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பியது. இன்று பல மாவட்டங்களில் விவசாயிகளும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் தேன் எடுத்து விற்கின்றனர். அவர்கள் சாடி வாங்கும்பொழுது அடிக்கடி நேரும் பிழை, அளவைப் பற்றியது.

தேன் தண்ணீரைக் காட்டிலும் கனமானது. ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடையிருக்கும். 500 கிராம் தேனுக்கு 500 மில்லிலிட்டர் சாடியை வாங்கினால், தேன் சுமார் 357 மில்லிலிட்டர் இடத்தையே நிரப்பும். மேலே கால் பாகத்திற்கும் அதிகமான இடம் வெற்றிடமாய் நிற்கும். எடை சரியாக இருப்பினும், வாங்குவோர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவர். 500 கிராமுக்கு 380 மில்லிலிட்டர் அளவுள்ள சாடியும், 250 கிராமுக்கு 190 மில்லிலிட்டர் அளவுள்ள சாடியும் பொருந்தும்.

சாடியின் கொள்ளளவை அறிய எளிய வழி உண்டு. வெறுஞ்சாடியை எடைபோடுக. பின்னர், பொருளை எம்மட்டம் வரை நிரப்ப எண்ணமோ அம்மட்டம் வரை தண்ணீர் ஊற்றி மீண்டும் எடைபோடுக. வேற்றுமை எத்தனை கிராமோ அத்தனை மில்லிலிட்டர் இடம் உளது. அதனை 1.4-ஆல் பெருக்கினால் தேனின் எடை கிடைக்கும்.

தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. அதில் நீர்ப்பசை நூற்றுக்கு 20 பங்கிற்கு மேற்படலாகாது. மேற்பட்டால் புளித்து நுரைக்கும். ஆகவே தேன் சாடியின் மூடி காற்றுப் புகாமல் இறுக வேண்டும். வாய் அகலமாகவும் கரண்டி நுழையுமாறும் இருத்தல் நலம். உறைந்த தேனை இளக்க வேண்டுமாயின், சாடியை வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். கொதிநீரில் வைத்தால் சாடி வெடிப்பதோடு தேனின் குணமும் கெடும்.

ஊறுகாய்க்குரிய சாடியும் மூடியும்

ஊறுகாய்க்கு நம் முன்னோர் பீங்கான் ஜாடியை ஏற்படுத்தி வைத்தனர். அதன் அறிவு பெரிது. உப்பும் புளிப்பும் உலோகத்தை அரிக்கும்; பீங்கானையும் கண்ணாடியையும் அரிக்கமாட்டா. ஆனால் இக்காலத்துக் கண்ணாடிச் சாடியில் ஓர் உலோகம் வந்து சேர்ந்திருக்கிறது. அது மூடியே. சாடி குற்றமற்றதாயினும் தகர மூடி துருப்பிடித்து ஊறுகாயைக் கெடுப்பதை நாம் காண்கிறோம்.

காற்றுப் புகாத மூடியின் வரலாறு சுவையானது. பிரான்ஸ் நாட்டு நிக்கோலா அப்பேர் என்பவர் உணவைக் கண்ணாடிக் கலங்களில் அடைத்து, மூடி, கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையைக் கண்டு, 1810-இல் அந்நாட்டு அரசாங்கத்தாரின் 12,000 பிராங்குப் பரிசைப் பெற்றார். அவர் தக்கையால் அடைத்தார். 1858-இல் அமெரிக்காவில் ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் கழுத்தில் மரையுள்ள சாடியையும் திருகு மூடியையும் செய்து உரிமை பெற்றார். இன்றுள்ள திருகு மூடிச் சாடிகள் யாவும் அவ்வழியில் வந்தவையே.

ஊறுகாய்க்கு வாங்கும் தகர மூடியின் உட்புறம் முழுவதும் பூச்சு இருத்தல் வேண்டும். விளிம்பைச் சுற்றி மெத்தென்ற வளையமும் இருத்தல் வேண்டும். பூச்சு கீறியிருப்பின் அம்மூடியைத் தள்ளுக. ஒருமுறை உபயோகித்த தகர மூடியை மறுமுறை விற்பனைச் சரக்கிற்கு உபயோகித்தல் கூடாது. வளையத்தில் பழைய விளிம்பின் தடம் பதிந்திருக்குமாதலால் அது சரியாக மூடாது. உணவிற்கென்றே செய்யப்பட்ட பிளாஸ்டிக் மூடி ஊறுகாய்க்கு நன்கு உதவும். மேலும், மூடியையும் சாடியையும் ஒரே அளவில் சேர்த்தே வாங்க வேண்டும். 63 மில்லிமீட்டர் வாய்க்கு 66 மில்லிமீட்டர் மூடி ஏறியது போல் தோன்றும். ஆனால் எண்ணெய் கசியும்.

மூடி இறுகிவிட்டால் பண்டம் கெடாது என்று நம்புதல் பெரும் பிழை. காற்றில்லாத இடத்திலேயே வளரும் ஒருவகை நுண்கிருமி உண்டு. அது உண்டாக்கும் நஞ்சு கொடியது. அதன் வித்துக்கள் கொதிநீரின் சூட்டிலும் சாவதில்லை. ஆனால் போதிய புளிப்புள்ள பண்டத்தில் அது வளர்வதில்லை. எலுமிச்சை, புளித்த மாங்காய் போன்றவற்றிற்குப் புளிப்பே காவல். புளிப்புச் சேர்க்காமல் பூண்டை எண்ணெயில் மட்டும் இட்டு இறுக மூடி நாட்கணக்கில் வெளியே வைத்தல் தகாது. மூடி புடைத்து நிற்கும் சாடியைச் சுவைத்துப் பார்க்கவும் வேண்டா, எறிந்துவிடுவதே முறை.

சாடியைச் சுத்தம் செய்கையில், அடியில் துணி விரித்த பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரில் சாடிகளை வைத்து, நீரைப் படிப்படியாகக் காய்ச்சி 10 நிமிஷம் கொதிக்க விட வேண்டும். பின்னர் உலர்ந்த துணியின்மேல் வைத்து, ஈரம் சிறிதுமின்றிக் காயவிடுக. எண்ணெய் ஊறுகாயில் ஈரம் பூஞ்சணத்திற்கு வித்தாகும்.

மெழுகுத்திரிச் சாடியும் வர்ணச் சாடியும்

இக்காலத்தில் சாடிக்குள் மெழுகை ஊற்றித் திரியிட்டு விற்கும் தொழிலைப் பல குழுக்கள் பயில்கின்றன. இதில் சாடியே விளக்காகிறது. ஆதலின் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். வாய் குறுகி வயிறு பருத்த சாடி இதற்கு ஆகாது. சுடரின் சூடு கழுத்தில் தங்கிச் சாடியை வெடிக்கச் செய்யும். மேலும் கீழும் ஒரே அகலமாய், தட்டையான அடியுடன், சாயாமல் நிற்கும் சாடியே தக்கது. மெழுகை ஊற்றுமுன் சாடியை வெதுப்பிக்கொள்ள வேண்டும். திரி சரிநடுவில் நிற்க வேண்டும்; பக்கம் சாய்ந்தால் ஒரு பக்கமே சூடேறி விரிசல் காணும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்பொழுது அணைத்துவிட வேண்டும் என்பதை ஒட்டுச் சீட்டில் தெளிவாக அச்சிடுதல் விற்போரின் கடமை.

வர்ணம் தீட்டிய சாடிகள் அலங்காரத்திற்கு மட்டுமாயின் குற்றமில்லை. உண்ணும் பண்டம் வைப்பதாயின் உட்புறத்தில் வர்ணம் கூடவே கூடாது. வெளிப்புறத்திலும் வாயிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியே தீட்டுக. சில வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. பளபளக்கும் ஈயக் கண்ணாடிக் கலங்களில் ஊறுகாயையும் பழரசத்தையும் வைத்தலும் தகாது; புளிப்பு ஈயத்தைக் கரைத்தெடுக்கும்.

பழைய சாடிகள்

காயலான் கடையில் சாடிகள் மலிவாய்க் கிடைக்கின்றன. முன்பு உணவுப் பண்டம் இருந்தது என்று ஐயமறத் தெரிந்த சாடியை நன்கு கழுவிக் கொதிக்கவைத்து வீட்டு உபயோகத்திற்குக் கொள்ளலாம். வரலாறு தெரியாத சாடியை உணவிற்கு ஒருபோதும் கொள்ளலாகாது. பூச்சி மருந்து இருந்த கலத்தை எத்தனை முறை கழுவினும் அது உணவுக் கலம் ஆகாது.

2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி இருந்தது சோதனையில் வெளிப்பட்டது. பூச்சிக்கொல்லி இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் கூறப்பட்டது. ஒரு காலிக் கலத்தின் விலை என்ன? அதற்காக நாம் கொடுக்கும் விலை என்ன? இதனை ஒவ்வொரு விவசாயியும் சிந்திக்க வேண்டும். காலிக் கலங்கள் மறுபடி உபயோகத்திற்கு வாராதபடி உடைக்கப்பட்டுக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்கப்பட வேண்டும் என்று 1971-இல் வகுக்கப்பட்ட பூச்சிக்கொல்லி விதிகளே கூறின.

வாங்கும்பொழுது செய்யும் சோதனைகள்

மொத்தமாகச் சாடி வாங்குமுன் பத்துச் சாடிகளை எடுத்துப் பின்வருமாறு சோதிக்கலாம்.

1. சாடியை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்க்கவும். உருகாத மணற்கல் கண்ணாடிக்குள் தெரிந்தால் விலக்குக. அவ்விடத்திலிருந்தே விரிசல் பிறக்கும்.

2. மெல்லிய துணியால் விளிம்பைச் சுற்றித் துடைக்கவும். நூல் சிக்கினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது. அச்சில்லு உண்பவர் தொண்டைக்குப் போகக்கூடும்.

3. சமமான பலகையின்மேல் வைக்கவும். ஆடினால் அடி சரியில்லை.

4. தண்ணீர் நிரப்பி, மூடி, காகிதத்தின்மேல் கால்மணி நேரம் கவிழ்த்து வைக்கவும். காகிதம் நனையலாகாது.

5. சூடான பண்டத்திற்கு வாங்குவதாயின், சாதாரண நீரினும் 40 டிகிரி அதிகச் சூடுள்ள நீரில் சாடியை நிரப்பி அமிழ்த்தி 5 நிமிஷம் வைத்து, நீரைக் கொட்டிவிட்டு உடனே சாதாரண நீரில் அமிழ்த்தவும். கைக்கும் கண்ணுக்கும் காப்பு அணிந்து, குழந்தைகளை விலக்கி வைத்தே இதனைச் செய்தல் வேண்டும். பத்தில் ஒன்று விரிந்தாலும் அச்சரக்கு வேண்டா.

பஞ்சாயத்தின் கடமை

தனியொரு குழு ஐம்பது சாடி வாங்கும்பொழுது விலை அதிகம். சோதித்து வாங்கும் வாய்ப்பும் குறைவு. பக்கத்துக் கிராமக் குழுக்கள் ஒன்றுகூடி ஒரே அளவுச் சாடியையும் மூடியையும் சேர்த்து வாங்கினால் விலை குறைவதோடு, மூடி மாறிப் போகும் தொல்லையும் தீரும். இதற்கு ஊராட்சி மன்றம் முன்னின்று வழி செய்யலாம். ஒட்டுச் சீட்டில் கண்ணாடியின் எடை சேராத நிகர எடை, தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதம், விலை ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளனவா என்பதையும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு பெறப்பட்டுள்ளதா என்பதையும் கவனிக்கத் தூண்டலாம். உடைந்த கண்ணாடியைக் குப்பையில் கலவாமல் தனியே சேர்த்து உருக்காலைக்கு அனுப்புமாறு செய்யலாம். வயலில் வேலை செய்வோரின் கால்களுக்கு அதுவே பெரிய உபகாரம்.

பூச்சி மருந்துக் கலங்கள் ஒன்றுகூட நம் ஊர் அடுக்களைக்குள் நுழையலாகாது என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் செய்துகொள்ளலாம். அதற்குப் பணம் ஏதும் செலவில்லை. உறுதி ஒன்றே வேண்டும். நல்ல பண்டத்தை உண்டாக்க நம் மக்கள் ஓராண்டு உழைக்கின்றனர். அவ்வுழைப்பு கெடாமலும், பிறருக்குக் கேடு செய்யாமலும் வீடு வீடாய்ச் சென்று சேர்வது சாடியின் கையில் இருக்கிறது. ஆகவே அடுத்த முறை சாடி வாங்கச் செல்லும்பொழுது, அதன் விலையைக் கேட்குமுன் அதன் வேலையைக் கேட்போமாக.