நம்பிக்கைகளும் உண்மைகளும்: பகல் கொசுவுக்கு இரவு வலை

நோய்க்கு மருந்து வாங்கிக் கொடுத்தால் போதும், மக்களிடம் பேசுவதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்குவது வீண் செலவு. நிதி ஒதுக்கும் கூட்டங்களில் சுற்றி வளைத்தும் டீக்கடையில் நேரடியாகவும் சொல்லப்படும் நம்பிக்கை இது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்து, அந்த ஆண்டு ஜூலை 1-ல் யுஎஸ்எய்ட் அமைப்பையே மூடியபோது இந்த நம்பிக்கைக்குப் புது வலு வந்தது. மருந்துக் கப்பல் நின்றால் கவலைப்படலாம், விழிப்புணர்வு வேலை நின்றால் என்ன குறைந்துவிடும் என்று பலரும் கேட்டார்கள். கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பதில் தேட வாஷிங்டனுக்குப் போக வேண்டியதில்லை. மருத்துவச் செலவில் பெரும்பகுதி டெல்லியிலிருந்து வரும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில், அதிலும் தெற்கே நன்கௌரி கூட்டத்தீவுகளில், பல ஆண்டு அனுபவமாக அந்தப் பதில் கிடக்கிறது.

நன்கௌரி, கமோர்ட்டா, கச்சால், தெரெஸா, சௌரா என்று நீளும் இந்தத் தீவுகளில் யானைக்கால் நோய் உண்டு. மெயின்லேண்டிலும் உண்டு என்பீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே இனப் புழுதான், ஆனால் அதன் பழக்கம் வேறு. கும்பகோணத்திலோ சென்னையிலோ யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் உடலுக்குள் ஒளிந்திருந்து, நள்ளிரவை ஒட்டி ரத்த ஓட்டத்துக்கு வரும். அதனால்தான் அங்கே ராத்திரியில் வீடு வீடாகப் போய் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். அதைப் பரப்புவதும் சாக்கடையில் பெருகி ராத்திரியில் கடிக்கும் க்யூலக்ஸ் கொசு. நன்கௌரியின் புழுக்குஞ்சுகளோ பகலில்தான் ரத்தத்தில் அதிகம் இருக்கும். இந்தியாவில் வேறெங்கும் இந்த வகை கிடையாது. அதைப் பரப்புவது காட்டுக் கொசு. மரப்பொந்துகளில் தேங்கிய மழைநீரில் முட்டையிட்டு, பகல் வெளிச்சத்தில், மரநிழலில் வேலை செய்பவர்களைக் கடிக்கும். தென்னந்தோப்புக்கும் பாக்குத்தோப்புக்கும் போகும் நிக்கோபாரி, கச்சாலின் ரப்பர்த் தோட்டங்களுக்கென்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தமிழர் என்று யாரானாலும் அதற்கு ஒன்றுதான்.

இப்போது, “கொசுவலைக்குள் தூங்குங்கள், சாக்கடையைச் சுத்தமாக வைத்திருங்கள்” என்று மெயின்லேண்டில் அச்சடித்த சுவரொட்டியைக் கமோர்ட்டாவின் படகுத்துறையில் ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். மலேரியாவுக்கு அந்த வலை உதவும். யானைக்காலுக்கு உதவாது. மரப்பொந்தை யாரும் தூர்வாரவும் முடியாது. சுவரொட்டியில் எழுத்துப்பிழை இருக்காது, படம் அழகாக இருக்கும், கணக்கில் செலவும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும், ஆனால் யானைக்காலைப் பொறுத்தவரை பயன் ஒன்றும் இராது. இதைக் காட்டித்தான் பேச்சுக்குப் பணம் வீண் என்கிறார்கள். என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மக்களிடம் பேசிப் பழக்கத்தை மாற்றும் வேலைக்கு நடத்தை மாற்றத் திட்டம் என்று பெயர். அதில் அச்சுச் செலவு கடைசிப் பகுதி, சின்னப் பகுதி. பெரிய பகுதி அதற்கு முன்னால் வருகிறது. யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள், யார் பேச்சை யார் கேட்பார்கள், எதனால் தயங்குகிறார்கள் என்று போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேலை அது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அச்சுச் செலவை மட்டும் வைத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். பிறகு பலனில்லை என்று அதையும் வெட்டுகிறோம்.

மருந்துதான் பெரிய செலவு என்பது இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை. யானைக்கால் விஷயத்தில் உண்மை நேர்மாறு. உலக அளவில் அல்பெண்டசோலை கிளாக்ஸோ நிறுவனமும், டி.இ.சி. மாத்திரையை ஜப்பானின் எய்சாய் நிறுவனமும், ஐவர்மெக்டினை மெர்க் நிறுவனமும் பல ஆண்டுகளாக நன்கொடையாகத் தருகின்றன. விலை கொடுத்து வாங்கினாலும் டி.இ.சி. மிக மலிவான மருந்து. காசு ஆவது மாத்திரை கிடங்கிலிருந்து மனிதரின் வாய்க்குள் போய்ச் சேரும் தூரத்துக்குத்தான். அந்தத் தூரத்தின் கடைசி முழம் கையிலிருந்து வாய்க்கு. இந்தியாவில் ஒட்டுமொத்த மக்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை வழங்கும் திட்டம் 2004-ல் நாடெங்கும் தொடங்கியது. அதிலிருந்து திரும்பத் திரும்பத் தெரிய வந்த சங்கதி ஒன்று: கொடுத்த கணக்கும் விழுங்கிய கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை. மொத்த மக்களில் 65 சதவீதமாவது உண்மையிலேயே விழுங்கினால்தான், அதுவும் ஐந்து சுற்றாவது விடாமல் நடந்தால்தான், பரவல் அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தாய்ப்புழு உடலுக்குள் பல ஆண்டுகள் உயிர் வாழும், மாத்திரை முக்கியமாகக் கொல்வது அதன் குஞ்சுகளைத்தான் என்பது இதற்குக் காரணம். ஆகவே பதிவேட்டில் 90 சதவீதம் என்று எழுதியிருப்பதால் ஒரு புழுக்குஞ்சும் சாகாது.

விழுங்காமல் ஏன் வைத்துவிடுகிறார்கள்? அலமாரியில் கிடக்கும் அந்த மாத்திரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். புழுவைச் சுமப்பவர்களில் பலருக்குக் கால் வீங்காது, வலியும் தெரியாது. நன்றாக இருக்கும் ஒருவரிடம் சீருடை போட்ட ஒருவர் வந்து, உனக்கு இல்லாத நோய்க்கு இதைச் சாப்பிடு என்கிறார். நம்பிச் சாப்பிடுகிறார். சில மணி நேரத்தில் காய்ச்சல், தலைவலி, குமட்டல். உண்மையில் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். ரத்தத்தில் குஞ்சுகள் கூட்டமாகச் சாகும்போது உடல் அப்படிக் காய்கிறது. புழு இல்லாதவருக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது. அதாவது, எவர் கட்டாயம் விழுங்க வேண்டுமோ அவருக்குத்தான் காய்ச்சல் வருகிறது. அடுத்த ஆண்டு “எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று ஒதுங்குவதும் அவர்தான், அண்டை வீட்டுக்காரரைத் தடுப்பதும் அவர்தான். காய்ச்சல் வரலாம், வந்தால் இதனால்தான், மறுநாள் நான் வந்து பார்க்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி மறுநாள் வந்து நிற்கும் ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளம் எந்தத் தலைப்பில் எழுதப்படும்? மருந்துச் செலவில் வராது. நடத்தை மாற்றம் என்ற தலைப்பில்தான் வரும். பட்ஜெட் சுருங்கும்போது முதலில் அடிபடுவதும் அந்த வரிதான்.

மக்களுக்கு அறிவு போதாது, சொல்லிக் கொடுத்தால் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் உண்டு. விழிப்புணர்வுக்குப் பணம் கேட்பவர்களே இதை அதிகம் நம்புகிறார்கள் என்பது வருத்தமான விஷயம். வடக்கே கார் நிக்கோபாரில் 2010-ல் எய்ம்ஸ் கண் மருத்துவர்கள் போய்ப் பார்த்தபோது, பரிசோதித்த சிறு குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ட்ரகோமா என்ற கண் தொற்று இருந்தது. இமை உள்ளே மடங்கி, மயிர் விழியை உரசி, கடைசியில் பார்வையைப் பறிக்கும் நோய். அஸித்ரோமைசின் மருந்தைத் தீவு முழுவதற்கும் சுற்றுச் சுற்றாகக் கொடுத்தார்கள், தொற்று வெகுவாக இறங்கியது. 2024 அக்டோபரில் இந்தியா ட்ரகோமாவைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் இந்த நோய்க்கான உலகப் பொதுத் திட்டத்தில் அறுவை, மருந்து இரண்டோடு முகச் சுத்தம், சுற்றுப்புறம் என்று இன்னும் இரண்டு உண்டு. குழந்தையின் முகத்தைக் கழுவினால் பீளையில் ஈ மொய்க்காது என்பது தாய்க்குத் தெரியாத ரகசியமா? 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலோரக் கிராமங்கள் போய், ஆண்டுக்கணக்கில் தகரக் கொட்டகைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு சமூகம் அது. அங்கே முகம் கழுவும் பழக்கம் தண்ணீர்க் குழாயில்தான் தொடங்குகிறது. தண்ணீர் கொண்டுவராமல் முகம் கழுவச் சொல்லும் திட்டத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்தான். அந்த மட்டுக்கு எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்வாதங்களில் வலுவானது உப்பு. டி.இ.சி. மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்துவிட்டால்? யாரும் யாரிடமும் பேச வேண்டாம், யார் மனத்தையும் மாற்ற வேண்டாம். குழம்பில் உப்புப் போட்டால் போதும். இது கற்பனையும் இல்லை. யானைக்காலை ஒழித்த முதல் நாடாக 2007-ல் அறிவிக்கப்பட்ட சீனா இந்த உப்பைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. நன்கௌரியிலேயே ஐ.சி.எம்.ஆரின் போர்ட் பிளேர் ஆராய்ச்சி மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஆண்டுக்கொரு மாத்திரை மட்டும் கொடுத்த தீவுப்பகுதியைவிட, மாத்திரையோடு உப்பும் சேர்ந்த பகுதியில் புழுக்குஞ்சுகள் நன்றாகக் குறைந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்படியானால் என் வாதம் விழுந்துவிட்டதா? உப்பு வெற்றி பெற என்னென்ன நடக்க வேண்டும் என்று யோசித்தால் விழவில்லை என்பது தெரியும். கடைக்கு வரும் சாதா உப்பை விட்டு, வீட்டுக்கு வீடு இந்த உப்பையே மாதக்கணக்கில் பயன்படுத்த வேண்டும். மருந்து கலந்த உப்பு என்றதும் ஆண்மை போய்விடுமோ, கரு தங்காதோ என்ற பேச்சு எந்த ஊரிலும் கிளம்பக்கூடும். அயோடின் உப்புக்கே நம்மூரில் எத்தனை முணுமுணுப்பு. நிக்கோபாரிகளிடம் ஒவ்வொரு கிராமத்துக்கும் கேப்டன் உண்டு, அதற்கு மேலே டிரைபல் கவுன்சில் உண்டு, துஹெட் என்ற கூட்டுக் குடும்பத்துக்கு மூத்தவர் உண்டு. இவர்கள் வேண்டாம் என்றால் உப்பு மூட்டை படகிலிருந்து இறங்காது. ஆக, உப்பு செய்தது ஒன்றுதான். நூறு நூறு தனி மனிதரிடம் ஆண்டுதோறும் கேட்ட சம்மதத்தை, ஒரு சமூகத்திடம் உட்கார்ந்து ஒருமுறை கேட்கும் சம்மதமாக மாற்றியது. அதுவும் நடத்தை மாற்றமே. சொல்லப்போனால், நன்றாகச் செய்த நடத்தை மாற்றம்.

அளக்க முடியாத வேலைக்கு எப்படிப் பணம் கொடுப்பது என்பார்கள். தமிழ்நாட்டில் 2000-களின் தொடக்கத்தில் ஊர்தோறும் முளைத்த புள்ளிராஜா எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் மாநிலத்தில் எச்.ஐ.வி. தொற்றுள்ள கர்ப்பிணிகளின் விகிதம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. புள்ளிராஜாவால் மட்டும் இது நடந்தது என்று சொன்னால் அது பொய். அந்தப் பலகைக்குப் பின்னால், 1995 முதல் யுஎஸ்எய்ட் பணத்தில் சென்னையில் இயங்கிய ஏபேக் திட்டமும், 1994-ல் உருவான மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் ஆண்டுக்கணக்கில் போய்ப் பழகின, ஆணுறை கைக்கெட்டும்படி செய்தன, பால்வினை நோய்ச் சிகிச்சையைக் கூச்சமில்லாமல் பெற வழி செய்தன. எது எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்டுவது கடினம்தான். ஆனால் மொத்தம் அளக்கக்கூடியது, அளக்கப்பட்டது. டி-ஷர்ட், பேரணி, ஓட்டலில் பயிலரங்கு என்று இந்தத் துறையில் பணம் கரைந்ததும் உண்மை. அதற்கு மருந்து, எத்தனை பேரணி நடந்தது என்று எண்ணுவதை விட்டு எத்தனை பேர் விழுங்கினார்கள் என்று எண்ணுவதுதான்.

பழங்குடியினரின் பழக்கத்தை மாற்ற நாம் யார் என்ற கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன், ஏனென்றால் இந்தத் தீவுகளில் அதற்கு மிகச் சரியான இடம் இருக்கிறது. அந்தமான் காட்டில் வாழும் ஜாரவாக்கள் 1998-ல் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கிய மறு ஆண்டே அவர்களிடையே தட்டம்மை பரவியது. 1956-லிருந்தே பழங்குடிகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் காட்டின் ஊடே போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில் வண்டியிலிருந்து பிஸ்கட் பாக்கெட் நீட்டிய கைகள் உண்டு, படம் பிடித்த கைகளும் உண்டு. அங்கே மாற வேண்டிய நடத்தை ஜாரவாவுடையதே இல்லை. சுற்றுலாப் பயணியுடையது, ஓட்டுநருடையது, நம்முடையது. அதற்கும் காசு ஆகும், அதுவும் நோய்த் தடுப்புச் செலவுதான்.

கடைசியாக, இத்தனை சின்ன ஜனத்தொகைக்கு இவ்வளவா என்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி நிக்கோபார் மாவட்டம் முழுவதும் சேர்ந்தே 37,000 பேர் இல்லை. போர்ட் பிளேரிலிருந்து கமோர்ட்டாவுக்குக் கப்பலில் போவதற்கே தலைக்கு ஆகும் செலவு மெயின்லேண்ட் கணக்குக்குப் பொருந்தாது, கடல் சீறினால் அந்தப் பயணமும் இல்லை. ஆனால் 2027-க்குள் யானைக்காலை ஒழிப்பதாக இந்தியா உறுதி சொல்லியிருக்கிறது, பகலில் வரும் இந்தப் புழு இந்தத் தீவுகளில் மட்டும்தான் இருக்கிறது. இலங்கை 2016-ல் ஒழித்ததாகச் சான்று பெற்றது. அந்த நிலைக்கு வருவதற்கு முன், மாத்திரையை நிறுத்திவிட்டு ஆறேழு வயதுக் குழந்தைகளின் விரலில் குத்தி ரத்தம் பார்க்க வேண்டும், அதையும் சில ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்போது தீவில் வீங்கிய கால் ஒன்றும் கண்ணில் படாமல் இருக்கலாம். பள்ளிக்கூட வாசலில் ஊசியோடு நிற்பவரைப் பார்த்து, யாருக்கும் இல்லாத நோய்க்கு என் பிள்ளையின் விரலை எதற்கு நீட்ட வேண்டும் என்று ஒரு தாய் கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்ல, போன ஆண்டும் அதற்கு முந்தின ஆண்டும் அதே கிராமத்துக்கு வந்து போன, அவள் பெயர் தெரிந்த ஒரு முகம் அங்கே இருக்க வேண்டும். அந்த முகத்துக்கான கப்பல் டிக்கெட்டும் சம்பளமும் இந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே எழுதப்பட வேண்டும்.