மாப் புளிக்க வைக்கும் மதுவமும் அதன் சுவரும்

அப்பத்துக்கு மாக் கரைக்கும்போது கள்ளு விடுவது எமது பழைய வழக்கம். கள்ளு கிடையாத இடத்தில் கடையில் ஈஸ்ற் வாங்கிப் போடுகிறோம். இரண்டிலும் வேலை செய்வது ஒரே வகை உயிர்தான். பாடப் புத்தகங்கள் அதனை மதுவம் என்கின்றன. ஒரு மதுவம் என்பது ஒரே ஒரு கலம். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு முதல் நூறில் ஒரு பங்கு வரைதான்.

இந்தக் கலத்தைச் சுற்றி உறுதியான சுவர் உண்டு. உள்ளே நீர் புகுந்து எப்போதும் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். சுவர் இல்லாவிடில் கலம் வெடித்துவிடும். ஆனால் பெருக வேண்டுமானால் அதே சுவரைத்தான் இளக்க வேண்டும். நிறைந்த குளத்தின் கட்டை வெட்டி, நீர் சிந்தாமல் குளத்தைப் பெருப்பிப்பது போன்ற வேலை இது. மதுவம் இதை எப்படிச் செய்கிறது?

சுவரின் உட்பகுதி குளுக்கன் எனும் வெல்லச் சங்கிலிகளால் பின்னப்பட்டது. வெளிப்பக்கம் புரதப் பூச்சு. இவற்றோடு கைற்றின் என்பதும் சிறிது உண்டு. நண்டு, இறால் கோதுகளில் உள்ள அதே பொருள். முழுச் சுவரிலும் அது நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான். எனினும் பிரியும் வேளையில் அதற்கே முக்கிய வேலை.

முதலில் கலம் தன் சுவரில் ஓரிடத்தைத் தெரிந்து, அங்கே கைற்றினால் ஒரு வளையம் போடுகிறது. கிணற்றுக்கு வாய்க்கட்டுக் கட்டுவது போல. வளையத்தின் நடுவே சுவர் இளகி அரும்பு புறப்படுகிறது. புதுச் சுவருக்கான பொருட்கள் நுண்ணிய பைகளில் அரும்புக்கே செல்கின்றன. அரும்பு முதலில் நுனியில் நீளும். பின்னர் எல்லாப் பக்கமும் பருக்கும். தாயின் சுவரோ அவ்வளவாக வளர்வதில்லை. கரு பிரிந்து ஒரு பங்கு மகளுக்குள் போனதும், கழுத்தில் மெல்லிய கைற்றின் தட்டி எழும்புகிறது. அதன் இருபுறமும் தாயும் மகளும் குளுக்கன் சுவர் கட்டுகின்றனர். இரு பக்கமும் பலமான பின்னரே நடுத்தட்டி கரைக்கப்படும். அதைக் கரைக்கும் நொதியத்தை விடுவது மகள்தான்! நல்ல தீனும் இளஞ்சூடும் இருந்தால் எல்லாம் ஏறக்குறைய 90 நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிரிந்த இடத்தில் தாயின்மேல் வட்டமான வடு நிற்கும். அதே இடத்தில் மறுபடி அரும்பு வராது. ஆகவே வடுக்களை எண்ணினால் அந்தத் தாய் எத்தனை ஈன்றாள் என்று சொல்லிவிடலாம். ஒரு தாய்க்கலம் பொதுவாக 20, 30 தடவை அரும்பிய பின் ஓய்ந்துவிடும். மதுவத்துக்கும் முதுமை உண்டென்பதை மோட்டிமர், ஜோன்ஸ்ரன் ஆகிய இருவர் அமெரிக்காவில் 1959 இல், அரும்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிக் காட்டினர். வடு நிறைந்து இடமில்லாமற் போவதே காரணம் என்று முன்பு எண்ணியதுண்டு. ஆனால் இடம் மீதியிருக்கவே கலம் ஓய்ந்துவிடுகிறது.

குழந்தைகளின் நாக்கில் வெள்ளையாகப் படரும் கண்டிடாவும் மதுவ இனமே. மனிதக் கலத்துக்குச் சுவர் இல்லை. அதனால் குளுக்கன் கட்டுவதைத் தடுக்கும் மருந்து கிருமியைத் தாக்கும், எம்மைப் பெரிதாகத் தாக்காது. 2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கஸ்போபங்கின் அத்தகையது. கண்டிடா இரத்தத்தில் கலந்த கடும் நோயாளருக்கு வைத்தியசாலைகளில் ஏற்றப்படுகிறது.

இனி எமது மாவுக்கு வருவோம். தாய் முதுமையடைந்தாலும் மாப் பானை முதுமையடைவதில்லை. பெருகும் மாவில் ஏறக்குறைய அரைவாசிக் கலங்கள் வடுவே இல்லாத புதியவை. மீதியில் பாதிக்கு ஒரே வடு. ஆகையால் பனையை விட்டு இடம்பெயர்ந்து வந்தவர்களும், தினம் ஈஸ்ற் வாங்க வசதியில்லாதவர்களும், ஒரு தடவை புளித்த மாவைக் கொண்டே தொடரலாம். உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்க்க முன்னர் ஒரு கோப்பை மாவை எடுத்து மூடி, நிழலில் வையுங்கள். மறுநாள் அதைப் புது மாவில் கலவுங்கள். கரைக்கும் நீர் இளஞ்சூடாக இருக்கட்டும். கை பொறுக்காத சூட்டில் மதுவம் செத்துவிடும்.