வேலை எங்கே தேங்கியிருக்கிறது? படத்தில் காட்டுங்கள்

பில் போடவும் கையிருப்புப் பார்க்கவும் மென்பொருள் விற்க வருபவர்கள் ‘அஜைல் முறையில் செய்து தருகிறோம்’ என்று சொல்வதை நமது வர்த்தகர்கள் பலர் கேட்டிருப்பீர்கள். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி எழுதிய சிறு பிரகடனத்திலிருந்து பரவிய பெயர் இது. பெரிய வேலையை மொத்தமாகச் செய்து கடைசியில் ஒப்படைக்காமல், சிறு பகுதிகளாக முடித்து, வாடிக்கையாளரிடம் காட்டி, அவர் சொல்வதற்கேற்பத் திருத்திக்கொண்டு போவதே அதன் சாரம். நமது கடைக்கும் பட்டறைக்கும் இது பொருந்தும்.

ஆனால் இதை ஊழியர்களுக்கோ பங்காளிக்கோ ஸ்லைட் போட்டு விளக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். பத்து வரி எழுதித் திரையில் வாசிக்கிறார்கள். அதற்கு ஒரு கடிதம் போதுமே! வேறு சிலர் அம்புக்குறிகள் சுற்றி ஓடும் வட்டமொன்றைப் போடுகிறார்கள். வட்டம் அழகுதான். வேலை திரும்பத் திரும்ப நடப்பதை அது காட்டும். இன்று எந்த ஓடர் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டாது. முதலாளிக்குத் தெரிய வேண்டியதோ அதுதான்.

அதற்கு ஏற்ற படம் ‘கன்பான்’ பலகை. ஜப்பானிய மொழியில் இச்சொல்லுக்குக் கடைப் பெயர்ப்பலகை என்று பொருள். டொயோட்டா கம்பனியின் தாயிச்சி ஓனோ, அமெரிக்க சுப்பர்மார்க்கெட்டில் எடுத்த சாமானுக்கு மட்டும் தட்டு நிரப்பப்படும் வழக்கத்திலிருந்து யோசனை பெற்று, தொழிற்சாலையில் அட்டை முறையைக் கொண்டுவந்தார். அட்டை வராமல் உதிரிப்பாகம் செய்யக் கூடாது. பிற்காலத்தில் மென்பொருள்காரர்கள் அதைச் சுவர்ப் பலகையாக்கிக்கொண்டார்கள்.

பாடசாலைச் சீருடை தைக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஸ்லைட்டில் ஐந்து நிரல்கள் வரையுங்கள்: வந்த ஓடர், வெட்டு, தையல், பொத்தானும் இஸ்திரியும், கொடுத்தது. ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு சிறு கட்டம். தையல் நிரலில் கட்டங்கள் குவிந்து, அடுத்த நிரல் வெறுமையாகக் கிடந்தால் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வெட்டுபவர் இன்னும் வேகமாக வெட்டிப் பயனில்லை. தையலுக்கு ஆள் வேண்டும்.

பலர் விட்டுவிடுவது நிரலின் தலையில் எழுத வேண்டிய எண்ணை. ‘தையல் - 6’ என்றால் ஆறுக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது. என்னைக் கேட்டால் படத்தின் உயிரே இந்த எண்தான். கணக்கைப் பாருங்கள். கையில் 40 ஓடர், நாளுக்கு முடிவது 5 என்றால், ஓர் ஓடர் வெளியே போகச் சராசரி 8 நாள். அதே வேகத்தில் 20 மட்டும் கையில் இருந்தால் 4 நாள். அரைகுறையாகக் கிடக்கும் துணியில் முடங்கியிருப்பது உங்கள் காசு.

ஸ்லைட்டுக்கு ஒரே பலகை போதும். தடைப்பட்ட கட்டத்துக்கு மட்டும் சிவப்பு அடியுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் இருப்பதால் ஒரு புள்ளடியும் இடுங்கள். வெளிச்சமான அறையில் வெள்ளைப் பின்னணியும் கறுப்பு எழுத்துமே நல்லது. அடுத்த ஸ்லைட்டில் அதே பலகை, ஒரு வாரம் கழித்து. இரண்டையும் மாறி மாறிக் காட்டினால் எந்தக் கட்டம் அசையவில்லை என்பது தெரிந்துவிடும்.

மென்பொருள் விற்க வருபவரிடமும் இதையே கேளுங்கள். வட்டப் படம் வேண்டாம், உங்கள் வேலை எந்த நிரலில் நிற்கிறது என்ற பலகையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் தவணைக் காசோலையை அதைப் பார்த்த பிறகு எழுதலாம்.