அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருக்கின்றன. அவசரமானதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொறியியல் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள். “இப்போதே ஐம்பதாயிரம் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் உறுதி, ரிசல்ட் வந்த பிறகு வந்தால் கிடைக்காது” என்று போனில் சொல்கிறவர்கள் உங்கள் பயத்தை நம்பித்தான் பேசுகிறார்கள். உங்கள் மகள் இப்போதுதான் பிளஸ் டூவுக்கு வந்திருக்கிறாள். மார்க் வருவதற்கு ஒரு வருடம் முன்பே விலை பேசப்படுகிற இடம் மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டு இடம். அதில் சேர்ந்துவிட்டால், உங்களைப் போன்ற குடும்பங்களுக்கென்று அரசு வைத்திருக்கும் பெரிய உதவிகள் எதுவும் அவளுக்குக் கிடைக்காது.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு குறையைச் சொல்லும் தொனியில் அந்த வரி இருந்தது. எனக்கோ அதைப் படித்ததும்தான் நிம்மதி வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்களைத் தனியாக ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. கிடைத்தது தனியார் கல்லூரி இடமாக இருந்தாலும் அப்படித்தான். ஒரே நிபந்தனை, அந்த இடம் அரசுக் கலந்தாய்வு வழியாக வந்திருக்க வேண்டும்.

7.5இல் இடம் வராவிட்டாலும் பொதுக் கலந்தாய்வு இருக்கிறது. உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதால் முதல் பட்டதாரி சலுகை கிடைக்கும். கல்விக் கட்டணத்தில் ஒரு பெரும் பகுதி குறையும். அதற்கும் கலந்தாய்வுதான் வாசல். சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பொறியியல் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தைக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும். உங்களுக்குப் போன் செய்கிற கல்லூரியும் தரத்தான் வேண்டும். அதே வகுப்பு, அதே ஆசிரியர், அதே பட்டம். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கட்டும் பணம் மட்டும் வேறு. இன்னொன்று: ரசீது இல்லாமல் கேட்கப்படும் எந்தப் பணமும் நன்கொடைதான், என்ன பெயர் வைத்தாலும். தமிழ்நாட்டில் அதற்கு 1992ஆம் ஆண்டிலிருந்தே சட்டப்படி தடை உண்டு.

இனி நுழைவுத் தேர்வுகள். உங்கள் தம்பி ஜேஇஇ, நீட், கியூட், கிளாட் என்று எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கச் சொல்கிறார். அக்கறையில் சொல்கிறார், ஆனால் அந்த வழி வேண்டாம். சட்டப் படிப்புக்கான கிளாட் ஒன்றுக்கே பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். நீட்டுக்கு 2025இல் பிற்படுத்தப்பட்டோர் கட்டியது 1,600. தேர்வு மையம் வெளியூரில் விழுந்தால் இருவருக்கு பஸ், சாப்பாடு, ஒரு ராத்திரி தங்கல். பணத்தைவிடப் பெரிய செலவு அவளுடைய நேரம். நான்கு தேர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்த பிள்ளைக்குப் பிளஸ் டூவில் பத்து மார்க் குறைந்தால் நஷ்டம் எங்கே விழும் தெரியுமா? தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில். அங்கே நுழைவுத் தேர்வே கிடையாது. 1984இல் தொடங்கிய மாநில நுழைவுத் தேர்வை, கிராமத்துப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாமல் பின்தங்குகிறார்கள் என்பதால்தான் ரத்து செய்தார்கள். 2007-08 கல்வியாண்டு முதல் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். அரை மார்க்கில் கல்லூரி மாறும். ஆகவே உங்கள் மகளுக்கு முதல் நுழைவுத் தேர்வு மார்ச் மாதப் பொதுத் தேர்வுதான்.

அதற்கு மேல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எதை என்பதை அவள் ஆசை முடிவு செய்யட்டும். மன்னியுங்கள், உங்கள் கடிதம் முழுவதும் தேடிப் பார்த்தேன். அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று ஒரு வரிகூட இல்லை. மருத்துவம் என்றால் நீட் தவிர வேறு வழி இல்லை. அதில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவள் போட்டியிடுவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு மட்டும் என்பதை அவளிடம் சொல்லுங்கள். ஊரெல்லாம் பேசுகிற கட்-ஆஃபைக் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை. 720 மார்க்கில் சரிபாதி, 360, உயிரியலுக்கு. சரியான விடைக்கு நான்கு, தவறானதற்கு ஒன்று கழியும். தெரியாத கேள்வியைத் தொடாமல் விடுவதும் அங்கே ஒரு படிப்பு.

பொறியியலில் நாட்டம் என்றால் ஜேஇஇ மெயின். 2021 முதல் தமிழிலும் எழுதலாம். (அதற்கு அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.) திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. என்றாலே லட்சக்கணக்கில் ஆகும் என்று பயந்து பல பெற்றோர் விண்ணப்பிக்கவே விடுவதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் அங்கே படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு வருமானம் எதுவானாலும் முழுத் தள்ளுபடி. மேலே ஒரு படியாக, அரசுப் பள்ளியில் படித்து இதுபோன்ற உயர் நிறுவனங்களில் இடம் பெறுகிறவர்களின் படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அறிவியல், மொழி, வரலாறு என்று ஆசை இருந்தால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்குக் கியூட். பக்கத்து அரசு கலைக் கல்லூரியையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். அதன் ஆண்டுக் கட்டணம் பல தனியார் கல்லூரிகளின் பஸ் ஃபீஸைவிடக் குறைவு.

கோச்சிங் சென்டருக்காக வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். பணம் வீண் என்பதால் மட்டும் இல்லை. நீங்கள் சொல்லும் சென்டருக்குப் போய்வரவே தினமும் மூன்று மணி நேரம் ஆகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று மணி நேரம் அவளுக்கு வீட்டில் கிடைத்தால் பாடப்புத்தகத்தை வரி விடாமல் படித்துவிடுவாள். நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்கள் 2018 முதல் நல்ல ஆழத்தோடு மாற்றி எழுதப்பட்டவை; பள்ளியிலேயே இலவசமாகத் தருகிறார்கள். அரசுப் பள்ளிகளில் நீட், ஜேஇஇ பயிற்சி நடக்கிறது, தலைமை ஆசிரியரைப் பார்த்துக் கேளுங்கள். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்க்கட்டும். முக்கியமாக, பிளஸ் ஒன் பாடங்களை மறக்க விடாதீர்கள். இந்தத் தேர்வுகளில் ஏறக்குறையப் பாதிக் கேள்வி அங்கிருந்துதான் வரும். பிளஸ் ஒன் பொதுத் தேர்வை ரத்து செய்த பிறகு அந்தப் புத்தகங்கள் பரணுக்குப் போய்விடுகிற வீடுகள் அதிகமாகிவிட்டன.

இந்தக் கோடை முடிவதற்குள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சான்றிதழ்கள். பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் பின்னால் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். விண்ணப்பம் போடுகிற வாரத்தில் ஓடினால் நடக்காது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று சொன்னதால் இதையும் அழுத்திச் சொல்கிறேன்: கையில் இருக்கும் பி.சி. சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குத்தான் செல்லும். என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் என்று போனால் ஓ.பி.சி. சான்றிதழ் என்று தனியாக ஒன்று வேண்டும், அதுவும் சேர்க்கை நடக்கிற நிதியாண்டில், அதாவது அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக. அதை மட்டும் அடுத்த கோடையில் வாங்குங்கள். நல்ல ரேங்க் வாங்கியும் இந்த ஒரு காகிதம் இல்லாமல் பொதுப் பட்டியலுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் படித்த பிள்ளைக்கு அப்படி நடக்கக் கூடாது.

கலந்தாய்வு நேரத்தில் விருப்பப் பட்டியல் போடும்போது இத்தனை கல்லூரிதான் என்று கட்டுப்பாடு கிடையாது. பயந்துகொண்டு தாழ்வாகத் தொடங்காதீர்கள். கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போடுங்கள். பிறகு காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி, கோவை ஜி.சி.டி., சேலம், பர்கூர், பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், கடைசியில் விசாரித்துத் தெரிந்துகொண்ட தனியார் கல்லூரிகள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கீழே உள்ளது தானாக வரும். மேலே ஆசைப்பட்டதற்காக எதுவும் பறிபோகாது.

செலவை ஃபீஸ் என்ற ஒரே எண்ணில் பார்க்காதீர்கள். தனியார் கல்லூரிக்குப் போனால் பஸ் அல்லது ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப், யூனிபார்ம், வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றையும் எழுதி வாங்கி, நான்கு வருடத்துக்குப் பெருக்குங்கள். முதல் வருடத்துக்குப் பணம் புரட்டிவிட்டு மூன்றாம் வருடம் திணறுகிற வீடுகள்தான் அதிகம். வரவுப் பக்கத்தில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயை எழுதிக்கொள்ளுங்கள். 2022இல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உரியது, படிப்பு முடியும் வரை அவள் கணக்கிலேயே விழும்.

மிச்சத்துக்குக் கல்விக் கடன். அடகுக் கடையைவிட அது எவ்வளவோ மேல். நான்கு லட்சம் வரை வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது. ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வருடம் ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை, வட்டி மட்டும் ஏறும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏழாயிரத்துக்குச் சற்று மேல் வரும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பு தொழிற்கல்வியாகவும் கல்லூரியோ அந்தப் பாடப்பிரிவோ நாக் அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றதாகவும் இருந்தால், அந்த ஒன்று நாற்பதை மத்திய அரசின் வட்டி மானியம் ஏற்கும். மேனேஜர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்க வேண்டும். அந்த ஏழாயிரத்தை அவளுடைய முதல் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். கல்லூரி பேனரில் போடுகிற உச்சச் சம்பளம் நமக்கு உதவாது. போன வருடம் அதே பிரிவில் நடுத்தரமாகப் படித்த ஒரு பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று விசாரியுங்கள். அவள் பதினைந்தாயிரம் வாங்குகிறாள் என்றால் உங்கள் மகளின் சம்பளத்தில் பாதி கடனுக்கே போகும். அந்த இடத்தில் நான் அரசுக் கல்லூரியில் வேறு பிரிவு கிடைத்தால்கூட அதையே எடுக்கச் சொல்வேன்.

கடைசியாக, “பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா” என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மூன்று மடங்கு பணம் கட்டி, நாலாந்தரக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட பெண் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. அதே வீட்டில் பையனாக இருந்தால் கோவைக்கு அனுப்பியிருப்பார்கள். உங்கள் தயக்கம் நியாயமானது, அதற்காக அவள் விலை கொடுக்க வேண்டாம். அரையாண்டு விடுமுறை தொடங்குவதற்கு முன், கல்லூரி நடக்கிற ஒரு நாளில், அவளையும் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போய்வாருங்கள். ஹாஸ்டல் வாசலில் நின்று அங்கே தங்கிப் படிக்கும் பெண்களிடம் பேசுங்கள். தண்ணீர் வருகிறதா, மெஸ் பில் எவ்வளவு, உடம்புக்கு முடியாவிட்டால் யார் பார்க்கிறார்கள், ராத்திரி எத்தனை மணிக்குக் கதவு மூடுகிறார்கள் என்று கேளுங்கள். அலுவலகத்தில் சொல்வதைவிட அவர்கள் உண்மையாகச் சொல்வார்கள்.

அடுத்த கடிதத்தை அவளை எழுதச் சொல்லுங்கள். என்ன படிக்க ஆசை, எந்தப் பாடம் பயமாக இருக்கிறது என்று இரண்டையும் எழுதட்டும். அதற்குத் தகுந்தபடி மேலே பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்