சிறு சுமைவண்டிகளில் கட்டடச் சாமான் ஏற்றும் முறை

2019ஆம் ஆண்டில் திருநெல்வேலி ஜில்லாவினின்று பிரிக்கப்பட்ட தென்காசி ஜில்லாவில், மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் கலந்துள்ள பகுதி சங்கரன்கோவில் தாலுகாவாகும். இங்கே நிலமுடைய குடியானவர்களுக்கு ஏதேனுமொரு கட்டட வேலை அடிக்கடி நேர்ந்துகொண்டே இருக்கிறது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர், மோட்டார் அறை, உலர்களம், மாட்டுத் தொழுவம், தண்ணீர்த் தொட்டி முதலியவை விவசாயத்திற்கு இன்றியமையாதவை. இவற்றைக் கட்டுதற்கு வேண்டிய மணல், ஜல்லி, செங்கல், சிமெண்டு, கம்பி, குழாய் ஆகியவற்றைத் தோட்டத்திற்குக் கொண்டுசேர்க்கும் செலவு பல சமயங்களில் கொத்தனார் கூலியோடு ஒப்பிடத் தக்கதாகிறது. ஆகையால் அச்செலவைக் குறைக்கக் கருதி, ஒரே நடையில் இயன்றமட்டும் ஏற்றிவிடும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. அவ்வழக்கத்தினால் விளையும் நட்டம் எத்தகையது என்பதையும், அதைத் தவிர்க்கும் வழி எளிதென்பதையும் இங்கே விளக்குவோம்.

மாட்டுவண்டியும் மோட்டார் வண்டியும்

முற்காலத்தில் இச்சாமான்கள் யாவும் இரட்டை மாட்டு வண்டியில் வந்தன. வண்டிக்காரர் தம் மாடுகளின் வலிமையை அறிந்தவர். பாரம் மிகுந்தால் மாடு மூச்சிரைத்து நிற்கும். நுகத்தடியில் கழுத்து அழுந்தும். மேட்டில் ஏற மறுக்கும். ஆதலால் பாரத்தின் எல்லையை மாடே சொல்லிவிடும். இப்பொழுது அவ்வேலையைச் செய்பவை பிக்கப் வண்டிகளும், 2005ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து, ஊரார் வாயில் ‘குட்டியானை’ என்று பெயர் பெற்ற டாட்டா ஏஸ் போன்ற சிறு வண்டிகளுமாம். இவை எஞ்சினால் ஓடுவன. அளவுக்கு இருமடங்கு ஏற்றினும் எஞ்சின் இழுத்துவிடும், மறுப்புச் சொல்லாது. ஆனால் இழுக்கும் வலிமை வேறு, நிறுத்தும் வலிமை வேறு. பிரேக்கு, டயர், அச்சு, ஸ்பிரிங் பட்டை ஆகிய ஒவ்வொன்றும் குறித்ததோர் எடைக்கே செய்யப்பட்டது. அவ்வெல்லை கடந்தது தெரியவரும் வேளை, பெரும்பாலும் வண்டியை உடனே நிறுத்த வேண்டிய வேளையாகவே இருக்கும்.

தொட்டி நிறைவது கணக்கன்று

குடியானவர் பலரும், வண்டியின் தொட்டி நிறைந்தால் பாரம் சரியாயிற்று என்று கருதுகின்றனர். இது வைக்கோல், பருத்தி, மல்லிகைப்பூ போன்ற எடை குறைந்த சரக்குகளுக்குப் பொருந்தலாம். கட்டடச் சாமான்களுக்குச் சிறிதும் பொருந்தாது. ஒரு கணக்கால் இதனை அறியலாம்.

குட்டியானை வண்டியின் தொட்டி ஏறத்தாழ 7 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. ஆகவே அதன் தளம் 35 சதுர அடி. அவ்வண்டி சுமக்கத் தக்க பாரம் ஏறத்தாழ 750 கிலோ. உலர்ந்த மணல் ஒரு கன அடிக்குச் சுமார் 45 கிலோ நிற்கும். ஓரடி உயரத்திற்கு மணல் நிரப்பினால் 35 கன அடி, அதாவது 1,575 கிலோ ஆகிறது. இது வண்டியின் அளவுக்கு இருமடங்குக்கும் மேல். மணல் நனைந்திருப்பின் கன அடிக்கு 50 கிலோவைத் தாண்டும். அப்போது பாரம் 1,750 கிலோவுக்கு மேற்படும்.

அப்படியாயின் எவ்வளவு ஏற்றலாம்? 750 கிலோவை 45ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16½ கன அடி வரும். அதனை 35 சதுர அடித் தளத்தில் பரப்பினால் உயரம் அரையடிக்கும் சற்றுக் குறைவே. நனைந்த மணலும், எம்-சாண்ட் எனப்படும் கல்மணலும் 5 அங்குலமே நிற்கலாம். செங்கல்லுக்கும் இதே கணக்கு ஒத்துவருவது கவனிக்கத் தக்கது. 3 கிலோ எடையுள்ள கல் 250 ஆனால் 750 கிலோ. 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமுமுள்ள கற்களைப் படுக்கையாக அடுக்கினால் ஓரடுக்குக்குச் சுமார் 124 கல் கொள்ளும். ஆகவே இரண்டடுக்குக் கல்லே முழுப்பாரம். 50 கிலோ சிமெண்டு மூட்டையாயின் 15 மூட்டை. தளத்தில் ஓரடுக்கும் அதன்மேல் சிலவுமே ஆகும்.

ஆகையால் இத்தகைய சிறு வண்டிக்கு ‘அரையடிக் கணக்கு’ என்பதை நினைவில் கொண்டால் போதும். தொட்டியின் உட்புறப் பக்கத் தகட்டில், தளத்திலிருந்து 5 அங்குலத்திலும் 6 அங்குலத்திலும் வெள்ளைச் சாயத்தால் இரண்டு கோடுகள் இழுத்து வைத்தால், ஏற்றும் ஆட்களுக்கு எண்ணிப் பார்க்கும் சிரமமே இராது. பெரிய பிக்கப் வண்டிகளுக்கு அளவு வேறு. பதிவுச் சான்றில் குறித்துள்ள மொத்த எடையினின்று வெற்று எடையைக் கழித்தால், அவ்வண்டி சுமக்கத் தக்க பாரம் தெரியவரும். அதனைக் கொண்டு மேற்காட்டியபடி கோட்டின் உயரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வண்டியில் ஏறும் ஆட்களின் எடையையும் அதற்குள் அடக்க வேண்டும்.

நடைகளை மிச்சப்படுத்தும் எண்ணம்

மோட்டார் அறையும் சிறு தொட்டியும் கட்டக் கருதும் ஒருவருக்கு 1,000 செங்கல், 1 யூனிட் அதாவது 100 கன அடி மணல், 20 மூட்டை சிமெண்டு வேண்டியிருப்பதாகக் கொள்வோம். சிறு வண்டியில் முறைப்படி ஏற்றினால் செங்கல்லுக்கு 4 நடை, மணலுக்கு 6 நடை, சிமெண்டுக்கு 2 நடை; ஆக 12 நடை. இதனை 6 நடையில் முடித்துவிடலாமென்று எண்ணுவதே துன்பத்திற்கு வித்தாகும்.

ஏனெனில் இருமடங்கு மணல் ஏற்றிய வண்டியின் முழு எடை, வண்டியையும் சேர்த்துப் பார்த்தால், விதித்ததற்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அந்த அளவுக்குப் பிரேக்கில் தோன்றும் சூடும் மிகும். வேகம் இருமடங்கானால் அச்சூடு நான்கு மடங்காகும். சித்திரை மாத நண்பகலில் தார்ச்சாலையில் காற்றுக் குறைந்த டயருடன் செல்லும் வண்டியில் டயர் வெடிப்பதற்கும் இதுவே காரணம். சிலர் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டுவிட்டால் குறை தீர்ந்தது என்று நம்புகின்றனர். பட்டை கூடினால் வண்டி தாழாமல் நிற்குமேயன்றி, பிரேக்கும் டயரும் அச்சும் முன்போலவே இருக்கும். பாரம் மிகுந்ததைக் கண்ணுக்குக் காட்டும் ஒரே அடையாளத்தையும் அது மறைத்துவிடுகிறது.

சட்டமும் இவ்விஷயத்தில் கடுமையானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபடி, அதிக பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. மிகுதியை இறக்கும் செலவும் வண்டிக்காரரைச் சேரும். அதை இறக்கும்வரை வண்டி நகரலாகாது. மிச்சப்படுத்திய ஆறு நடைக்கூலியை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

சிக்கனமான முறை யாதெனில், மணலையும் செங்கல்லையும் டிப்பர் லாரியில் ஒரே முறையாக வருவித்துச் சாலையோரம் இறக்கிக்கொண்டு, சிமெண்டு, குழாய், கதவு, நிலை முதலியவற்றுக்கு மட்டும் சிறு வண்டியைப் பயன்படுத்துவதாகும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர் இருவர் மூவர் கூடிச் சேர்ந்து வருவித்தால் லாரிக் கூலியும் பகிர்ந்துபோகும்.

முன்பாரமும் பின்பாரமும்

எடை சரியாயிருந்தாலும் அது வைக்கப்படும் இடம் சரியாயிருக்க வேண்டும். மாட்டுவண்டியில் பின்பாரமானால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்தைப் பூட்டாங்கயிறு இறுக்கும் என்பதைக் குடியானவர் அனைவரும் அறிவர். மோட்டார் வண்டியிலும் அதுவே. பாரம் பின்சக்கரத்துக்குப் பின்னே மிகுந்தால் முன்சக்கரம் தரையில் இலேசாகப் பதியும். திருப்பினால் வண்டி கேளாது. ஆகவே கனமான மூட்டைகளை ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி, இடைவெளியின்றி, இரு பக்கமும் சமமாக அடுக்க வேண்டும். இடைவெளி விட்டால் திடீரென நிறுத்துகையில் மூட்டைகள் முன்னோக்கிச் சரியும். செங்கல்லின்மேல் வேறு சாமான் வைத்தல் கூடாது. மணலைத் தார்ப்பாயால் மூடிக் கட்டாவிடில், பின்வரும் இருசக்கர வண்டிக்காரரின் கண்ணில் தூவி அவரைக் கீழே வீழ்த்தும்.

கம்பி, குழாய், தகரம்

கட்டடக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் விற்கப்படுகிறது. இரண்டாக மடித்தாலும் 6 மீட்டர். அதாவது 7 அடித் தொட்டிக்கு வெளியே ஏறக்குறைய 13 அடி நீண்டு நிற்கும். பின்வரும் வண்டிக்காரரின் மார்பு உயரத்தில் நீட்டி நிற்கும் கம்பி, இருட்டில் ஈட்டிக்குச் சமம். முன்னர் ஓரளவு நீட்சிக்கு இடமளித்த விதி 2014இல் நீக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி நீட்டிச் செல்லும் பாரத்திற்கு 20,000 ரூபாய் அபராதம். சிவப்புத் துணி கட்டுவதனால் இக்குற்றம் நீங்காது. கொத்தனாரிடம் தேவையான நீளங்களின் பட்டியலைப் பெற்றுக் கடையிலேயே வெட்டி வாங்கலாம். நீளக் கம்பியே வேண்டுமாயின் நீண்ட லாரியில் அனுப்பச் சொல்லலாம். பி.வி.சி. குழாய்களை 6 மீட்டருக்குப் பதிலாக 3 மீட்டர் துண்டுகளாகக் கேட்டு வாங்கி, இணைப்பு வைத்துப் பூட்டலாம்.

கூரைத் தகடுகளைப் பற்றி இப்பகுதியினர் தனியே கவனிக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று வலிமை மிக்கது. அக்காற்றில் தகடு ஒரு முனையில் எழும்பினால் மறுகணம் கட்டு முழுவதும் பறக்கும். தகடுகளைத் தட்டையாகப் படுக்கவைத்து, முன்னும் நடுவும் பின்னும் மூன்று இடங்களில் குறுக்கே வடக்கயிறு போட்டு இறுக்கி, காற்றுத் தணிந்த விடியற்காலையில் கொண்டுசெல்வதே உசிதம். சங்கரநாராயணர் கோவிலில் ஆடித்தபசு நடைபெறும் நாட்களில் சாலைகளில் ஜனத்திரள் மிகுதியாதலால், சாமான் ஏற்றுவதை அறவே நிறுத்திவைத்தல் நன்று.

கரிசல் தரையும் கிணற்று விளிம்பும்

கரிசல் மண் கோடையில் கல்லைப்போல் இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சக்கரத்தை விழுங்கும். ஆதலால் பங்குனி முதல் வைகாசிக்குள் சாமான்களைச் சேர்த்துவிட வேண்டும். ஈரத்தில் பாரவண்டியை வயலுக்குள் ஓட்டினால் வண்டி புதைவது மட்டுமன்று, மண்ணும் அழுந்தி இறுகி அடுத்த வெள்ளாமைக்கு வேர் இறங்குவதைத் தடுக்கும். வண்டிப்பாதையோடு நின்று, மிச்சத் தூரத்தை மாட்டுவண்டியிலோ தலைச்சுமையாகவோ கடத்துவது நிலத்துக்கும் நல்லது.

சுற்றுச்சுவர் கட்டுவதற்கென்று கொணர்ந்த கல்லையே சுவரில்லாக் கிணற்றின் விளிம்பில் இறக்கி, விளிம்பு சரிந்து வண்டியோடு வீழ்வதற்கு இடமுண்டு. கிணற்றில் பாறை தொடங்கும் இடம்வரை மண் எத்தனை அடி ஆழமோ, அத்தனை அடிக்குக் குறையாத தூரத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். பின்னோக்கி ஓட்டும்போது ஒருவர் தரையில் நின்று வழிகாட்டுதல் அவசியம்.

பாரத்தின்மேல் ஆள் ஏறுதல்

எல்லாவற்றினும் கொடிய வழக்கம், கொத்தனாரையும் சித்தாட்களையும் செங்கல்லின் மேலும் சிமெண்டு மூட்டையின் மேலும் அமரச் செய்து அழைத்துவருவதாகும். வண்டி ஒரு பள்ளத்தில் குதித்தால் முதலில் வெளியே எறியப்படுபவர் அவரே. கவிழ்ந்தால் பாரம் முழுவதும் அவர்மேல் விழும். அதன் பின் குடும்பத்துக்கு நேரும் கதியையும் எண்ண வேண்டும். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்லும் பிரயாணிகளுக்கு நட்டஈடு கொடுக்கக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பன்று என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. அப்பொறுப்பு வண்டிக்குரியவரைச் சேர்கிறது. அவருக்கு இருப்பது நான்கு ஏக்கர் நிலமாயின், அந்நிலமே ஈடாக நேரும். நிலமும் இல்லாதவராயின், இறந்தவரின் மனைவி மக்களுக்கு ஒன்றும் கிட்டாது. ஆட்களைப் பஸ்ஸில் வரச்சொல்லும் கட்டணம் இதன்முன் அற்பம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

மணல், எம்-சாண்ட், ஜல்லி ஆகியவை சிறு கனிமங்கள். உரிய நடைச்சீட்டின்றி ஏற்றிச் சென்றால் 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின்படி வண்டி கைப்பற்றப்படலாம். இதனைக் கிராம நிர்வாக அதிகாரிகள் குடியானவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துரைத்தல் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர்கள் தோட்டப் பாதைகளிலுள்ள சிறு பாலங்களின் நிலையை மழைக்கு முன் பார்வையிட்டு, பழுதடைந்தவற்றில் பாரவண்டி செல்லாதபடி அடையாளம் நாட்டுவதும், பாதையோரத்துச் சுவரில்லாக் கிணறுகளைக் கணக்கெடுத்து வேலியிடச் செய்வதும் பெரும் உபகாரமாகும்.

சுருக்கம்

1. தொட்டியின் நிறைவைப் பாராமல் எடையைப் பார்க்கவும். சிறு வண்டிக்கு அரையடிக் கணக்கே கணக்கு.
2. கனத்தை முன்னே, தாழ்வாக, இரு பக்கமும் சமமாக வைக்கவும்.
3. தொட்டிக்கு வெளியே எதையும் நீட்டவிட வேண்டாம்.
4. மணலைத் தார்ப்பாயாலும், தகட்டை மூன்று கட்டாலும் பிணைக்கவும்.
5. மழைக்கு முன் சேர்க்கவும். கிணற்று விளிம்பை விட்டு விலகி நிறுத்தவும்.
6. பாரத்தின்மேல் எவரையும் ஏற்ற வேண்டாம்.

இரண்டு கோடுகள் இழுப்பதற்குச் சிறிது வெள்ளைச் சாயமே செலவு. அடுத்த கட்டட வேலை தொடங்குமுன் குடியானவர்கள் தத்தம் வண்டியிலோ, வாடகைக்கு அமர்த்தும் வண்டியிலோ அக்கோடுகளை இழுத்துவைத்துக்கொள்வாராக.