தெருவிலிருந்து ஒலிம்பிக் களத்துக்கு

கேள்வி: தெருவில் வளர்ந்த ஸ்கேட்போர்டிங்கை ஒலிம்பிக்கில் சேர்த்தது முறைதானா?

பதில்: முறையே. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான இவ்விளையாட்டு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி போன்ற தெரு அமைப்புகளில் ஆடும் ‘ஸ்ட்ரீட்’, கிண்ணம்போல் குழிந்த களத்தில் ஆடும் ‘பார்க்’ என இரு பிரிவுகளைக் கொண்டது. டோக்கியோவில் நடுவர் ஐவர் வழங்கிய மதிப்பெண்களில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிச் சராசரி காணப்பட்டதால், இதன் திறனை அளக்க இயலாது என்னும் வாதம், ஜிம்னாஸ்டிக்ஸை ஏற்றுக்கொண்ட மேடையில் வலுவிழக்கிறது. போட்டி இவ்விளையாட்டின் தோழமையைக் கெடுக்கும் என்ற அச்சம் கருதத்தக்கதே. எனினும் மகளிர் பார்க் இறுதியில் விழுந்து நான்காமிடம் பெற்றுக் கண்ணீர் விட்ட ஜப்பானிய வீராங்கனை மிசுகு ஒகமோட்டோவை, அவரை எதிர்த்து ஆடியவர்களே தோளில் தூக்கிக் கொண்டாடினர். அதே போட்டியில் 12 வயதில் வெள்ளி வென்ற கொகோனா ஹிராகியைப் போன்ற சிறுமியர்மீது இத்தகைய போட்டிகளின் நெருக்கடி விழுவதே உண்மையில் கவலைக்குரியது.