ஆறு துண்டு முலாம்பழம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய குறும்படக் கதையைப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஜோக் வைத்திருக்கிறாய். நல்ல ஜோக்குகள்தான். ஆனால் உன் நாயகன் சொல்வதை அவன் நண்பன் சொன்னாலும், எதிர்வீட்டுத் தாத்தா சொன்னாலும் அதே சிரிப்புதான் வரும். கோளாறு அங்கேதான் இருக்கிறது. நான் பாடம் நடத்துவதைவிட, ஒரு ஜப்பானியப் படத்தைப் பார்த்தால் உனக்கே புரிந்துவிடும்.

தோரா-சான் என்ற பெயரை ஜப்பானில் அறியாதவர்கள் குறைவு. 'ஒதோகோ வா த்சுராய் யோ' என்ற வரிசையின் நாயகன் அவன். 'ஆணாய்ப் பிறந்தால் பாடுதான்' என்று அந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளலாம். 1968இல் தொலைக்காட்சித் தொடராகத்தான் தொடங்கியது. கடைசிப் பகுதியில் நாயகன் பாம்பு கடித்துச் செத்துப்போனதும் நேயர்கள் கொதித்துவிட்டார்கள். 1969இல் ஷோச்சிகு நிறுவனம் அவனைத் திரையில் உயிரோடு கொண்டுவந்தது. 1995 வரை 48 படங்கள் வந்தன. அத்தனையிலும் நாயகன் கியோஷி அத்சுமி ஒருவரே. அவற்றில் 46 படங்களை யோஜி யமதா இயக்கினார்.

கதை ஏறக்குறைய ஒன்றுதான். தோரா ஊர் ஊராகத் திருவிழாக்களில் கடை விரித்து, வாய்ச்சாமர்த்தியத்தில் சாமான் விற்பவன். கட்டம்போட்ட கோட்டு, தொப்பி, கையில் ஒரு பழைய பெட்டி. டோக்கியோவின் ஷிபமதாவில், கோயிலுக்குப் போகும் கடைத்தெருவில், அவன் சித்தப்பாவும் சித்தியும் மாவுருண்டைக் கடை நடத்துகிறார்கள். தங்கை சகுராவும் அந்த ஊரில்தான் இருக்கிறாள். தோரா நினைத்தபோது வருவான், வீட்டை இரண்டாக்குவான், ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுப்பான், கைகூடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

நீ பார்க்கவேண்டியது 1975இல் வந்த 15ஆவது படம். ரூரிகோ அசாவோகா நடித்த லில்லி, ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைப்பவள். கல்யாணம் முறிந்து மறுபடி தெருவுக்கு வந்திருக்கிறாள். வடக்கே தோராவும் அவளும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். வேலையையும் வீட்டையும் விட்டு ஓடிவந்த ஓர் ஆபீஸ்காரரும் அவர்களோடு கொஞ்சநாள் சுற்றுகிறார். பிறகு அவர் வீடு திரும்பி, நன்றிக்கு அடையாளமாக ஷிபமதா வீட்டுக்கு ஒரு முலாம்பழம் கொடுக்கிறார். ஜப்பானில் அது பரிசாகக் கொடுக்கிற, விலை கூடிய பழம்.

தோரா வீட்டில் இல்லாத நேரம். பழத்தை வெட்டி ஆறு பேருக்கு ஆறு துண்டு. எல்லோரும் ருசித்துக்கொண்டிருக்கும்போது அவன் உள்ளே நுழைகிறான். அவனைக் கணக்கில் சேர்க்க மறந்தது அப்போதுதான் உறைக்கிறது. தங்கள் துண்டையே அவனிடம் நீட்டுகிறார்கள். கடித்து வைத்ததை நான் தின்பதா என்று தாம்தூம் என்று குதிக்கிறான். பழம் யாருக்கு வந்தது, என் பங்கை ஏன் ஒதுக்கவில்லை என்று நியாயம் பேசுகிறான். நடுத்தர வயதுக்காரன் ஒருவன் ஒரு துண்டுப் பழத்துக்கு மல்லுக்கு நிற்பதைப் பார்த்து நமக்குச் சிரிப்பு தாங்காது.

அந்த வீட்டுக்கு வந்திருக்கும் லில்லி அவனை ஒரு பிடி பிடிக்கிறாள். எப்போது வந்தாலும் சோறு போட்டு ஏற்றுக்கொள்கிற வீடு இது, நியாயமாக நீதான் இவர்களைச் சாப்பிடச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாள். அவளுக்கு அப்படியொரு வீடு இல்லை. சண்டை பழத்துக்காக நடக்கவில்லை என்பது அந்த இடத்தில் தெளிவாகிறது. இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் தோராவின் கேள்வி. அதை நேராகக் கேட்க அவன் ரோஷம் விடாது, அதனால் பழத்தைப் பிடித்துக்கொள்கிறான்.

அடுத்து மழை. ரயிலை விட்டு இறங்கும் லில்லிக்காகக் குடையோடு காத்து நிற்கிறான். அழைத்துப்போக வந்தாயா என்றால், நடக்க வந்தேன் என்கிறான். மழையில் நடையா, நனைந்தால் ஜலதோஷம் பிடிக்குமே என்றால், பிடித்தால் என்ன என்று முறைக்கிறான். நீ படுத்துவிட்டால் எனக்குப் பொழுது போகாதே என்கிறாள் அவள். இருவரும் ஒரே குடையில் போகிறார்கள். இங்கே 'காதல்' என்ற சொல்லே தேவைப்படவில்லை.

கடைசியில் சகுரா லில்லியிடம், அண்ணனைக் கட்டிக்கொள்வாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். லில்லி சரி என்றுவிடுகிறாள். அந்த நேரம் வந்து சேரும் தோரா, விளையாட்டுக்குத்தானே சொன்னாய் என்று சிரித்து மழுப்புகிறான். ஆமாம், விளையாட்டுதான் என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். தனக்கு ஓர் இடம் இல்லையென்று பழத்துக்காகக் கத்தியவன், இடம் தானாகத் தேடி வரும்போது பயந்து பின்வாங்குகிறான். நம்மைச் சிரிக்கவைத்த அதே ரோஷம்தான் இப்போது நெஞ்சை அடைக்கிறது. யமதா இதற்கென்று தனியாகச் சோகம் எதையும் கொண்டுவரவில்லை.

முதல்முறை படத்தைச் சும்மா பார். இரண்டாம் முறை முலாம்பழக் காட்சியை மட்டும் ஒலியை அடைத்துவிட்டுப் பார். தோராவை விட்டுவிட்டுச் சுற்றி இருப்பவர்களின் முகங்களைக் கவனி. குற்றவுணர்வும் எரிச்சலும் பாசமும் மாறி மாறி வருவது தெரியும். சிரிப்பில் பாதி அவர்களுடையது.

பிறகு உன் கதைக்கு வா. உன் நாயகனுக்கு எதில் ரோஷம் வரும், எதைக் கேட்க வாய் வராது என்று ஒரு தாளில் எழுது. அதற்குச் சம்பந்தமில்லாத ஜோக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடித்துவிடு. மிச்சம் இருப்பது இரண்டே பக்கமானாலும் பரவாயில்லை, அதை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா